கவிழ்த்து வைத்தவை

கிழித்த செப்டம்பர் தாளின் வெள்ளைப் பக்கம்.
நடுவில் பென்சிலால் ஒரு கோடு.
இந்தப் பக்கம் நான் பறித்தவை, ஐந்து.
அந்தப் பக்கம் வேதையன் பறித்தவை, நான்கு.
காம்பை அறுத்துக் குடையை மட்டும் கவிழ்த்து
ஒவ்வொன்றின் மேலும் ஒரு கிண்ணம்.
கிண்ணம் போதாமல் குண்டான், மோர்ச்சட்டி,
எல்லாவற்றிலும் பெரியதற்கு வாளி.

விடிவதற்குள் தூள் உதிர்ந்து தாளில் நிறம் தெரியும்.
ரோஜா நிறம் என்றால் சட்டிக்கு.
பச்சை என்றால் குழிக்கு.

போன ஐப்பசியில் மன்னார்குடி ஆஸ்பத்திரியில்
கையில் ஊசியும் கட்டிலடியில் வாளியுமாக நாங்கள் கிடந்தபோது
டூட்டி டாக்டர் கேட்டாள், "மிச்சம் இருக்கா?"
சமைக்காமல் மிஞ்சிய ஒன்றை
மருந்துச் சீட்டின் முதுகில் கவிழ்த்துவைத்தாள்.
மறுநாள் சீட்டை என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.
பாசிப்பச்சை.

அதற்குமுன் எங்களுக்கும் சோதனை தெரியும்.
கொதிக்கிற சட்டியில் வெள்ளி மெட்டியைக் கழற்றிப் போட்டேன்.
கறுக்கவில்லை.
பூண்டு போட்டேன். பூண்டு பூண்டாகவே இருந்தது.
புழு தின்றிருக்கு, மனுஷன் தின்னக் கூடாதா, என்றார் அவர்.
புழு பிழைத்துக்கொண்டது.

அது அவர் பறித்ததுதான் என்று
ஒரு வருஷமாகச் சொல்லி வருகிறேன்.
சம்பந்தி வீட்டில் சொன்னேன்.
நடவுக்கு வந்தவர்களிடம் வரப்பில் நின்று சொன்னேன்.
அவர் மறுத்ததில்லை.
மறுக்க என்ன இருக்கிறது கையில்?
இரண்டு பேர் பறித்ததும் ஒரே கூடையில் வந்தது.
இந்தத் தடவை ஆளுக்கொரு பை என்று
நான்தான் சொன்னேன்.

முந்தாநாள் ராத்திரி இடி.
நேற்று விடிய கோரையாற்றுப் படுகைக்குப் போனோம்.
மூங்கில் குத்துக்கு அடியில் புற்று மண்ணுக்குள்
முழங்கை வரை விட்டு வேரோடு இழுத்தார் அவர்.
புற்றுக்காளானுக்கு வேர் நீளம்,
கறையான் வீட்டு நடுக்கூடம் வரை போகும்.
நகமெல்லாம் சேறு. பையெல்லாம் சேறு.
எனக்கு அந்த அழுக்கு ஆகாது.
அரிவாளால் தரையோடு அரிந்தேன்.
பூப்போல அடுக்கினேன்.
ஒன்று மட்டும் புற்றை விட்டுத் தள்ளி
அருகம்புல்லில் நின்றது.
வெள்ளைவெளேர் என்று, கழுத்தில் ஒரு வளையத்தோடு.
அடியில் வேர் இருந்ததா?
அரிந்த பிறகு யாரைக் கேட்பது.

நாலரை மணி. கரண்ட் இல்லை. போன் வெளிச்சம்.
முதலில் அவர் பக்கம் திறந்தேன், வேண்டுமென்றேதான்.
ரோஜா. ரோஜா. ரோஜா.
நாலாவது விரியாத மொட்டு, ஒன்றும் உதிர்க்கவில்லை.
என் பக்கம்.
ரோஜா. ரோஜா.
குண்டானுக்குள் ரோஜா. மோர்ச்சட்டிக்குள்ளும்.
வாளியைத் தூக்கினேன்.
சைக்கிள் சக்கரம்போல் ஆரம் ஆரமாய்ப்
பச்சை.
அழகாகத்தான் இருக்கிறது, பாழாய்ப்போனது.

போன வருஷத்துக்கு இது சாட்சி இல்லை.
ஒரு காளான் தன்னைப் பற்றித்தான் சொல்லும்.
சொல்லிப் பார்க்கிறேன் இதை, வாய்விட்டு, இரண்டு தடவை.

தாளைத் திருப்பிவைத்தால் இடம் வலமாகிவிடும்.
கோட்டுக்கு இருபுறமும் நான் பெயர் எழுதவில்லை.
நாலா ஐந்தா என்று அவர் எண்ணியிருக்க மாட்டார்,
எதையும் எண்ணுகிற ஆள் இல்லை.

உள்ளே கட்டில் முனகியது.
"என்னடி, ஆக்கலாமா?"

குனிந்திருந்த என் மூச்சுப் பட்டுப்
பச்சையின் ஓரம் கொஞ்சம் கலைந்திருந்தது.
இன்னும் ஒரு மூச்சு விட்டால் மொத்தமும் போய்விடும்.
வாயைப் பொத்திக்கொண்டேன்.
"வந்து பாருங்க" என்றேன்,
விரல் இடுக்கு வழியாக.